அட்டையா, ஊசியா? அப்பாவின் ரத்தத்தைக் குறைக்க நாங்கள் தேர்ந்த வழி

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி பயிரிடும் என் அப்பாவுக்கு, குளித்து முடித்த கையோடு உடம்பெல்லாம் அரிப்பதும், முகம் சிவந்து தலை கனப்பதும் ஓராண்டாகவே இருந்தன. வெயிலில் நிற்பவருக்கு வரும் சூடு என்று விட்டுவிட்டோம். வேறொன்றுக்காகச் செய்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 19 என்றும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 57 சதவீதம் என்றும் வந்தது. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உண்டாக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோய் இது என்பதை ஜேஏகே2 மரபணுப் பரிசோதனை உறுதிசெய்தது. ரத்தத்தை எடுத்துக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் பேச்சு இரண்டுபட்டது. தருமபுரிக்குப் போய் ஊசி வழியாகப் பையில் எடுத்துக்கொள்ளலாம் என்றோம் நாங்கள். தன் கால் புண்ணுக்கு, ரத்தத்தை உறிஞ்சும் அட்டையை விட்ட வைத்தியரிடமே போகலாம் என்றார் அத்தை.

அத்தை சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலுக்கும் குருதி வாங்கலுக்கும் இடமுண்டு. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை அட்டைகளை 12 வகையாகப் பிரித்து, அவற்றில் ஆறை நஞ்சுள்ளவை என்று ஒதுக்கி, கத்தியைத் தாங்காத முதியோருக்கும் சிறுவருக்கும் அட்டையே ஏற்றது என்கிறது. அட்டையின் வாயில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் கண்டறிந்தார். துண்டான விரலை ஒட்டவைத்த பின் அங்கே தேங்கும் ரத்தத்தை வெளியேற்ற இன்றும் அட்டை பயன்படுகிறது. 2004இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அதற்கு அனுமதி தந்தது. அத்தைக்கு இருந்தது நரம்பு சுருட்டலால் வந்த ஆறாத புண். கணுக்காலருகே ஒட்டிய அட்டை அரைமணி நேரத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஊதியதையும், மஞ்சள்தூளைத் தூவியதும் விட்டு விழுந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புண் ஆறியது உண்மை. ஆனால் அதே நாட்களில் காலுக்கு அழுத்தக் காலுறையும் போட்டிருந்தார் என்பதால், ஆற்றியது எது என்று ஒருவர் காலை வைத்து நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அளவுதான். ஊரில் எல்லோரும் ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். அப்பாவுக்கு இருப்பதோ மிகுதியான ரத்தம். மிகுந்ததைக் குறைக்க வேண்டுமானால் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஓர் அட்டை குடிப்பது சுமார் 5 முதல் 15 மில்லி. அது விழுந்த பிறகு மணிக்கணக்கில் கசிவது துணியில் ஊறிப் போகிறது, அதை யாரும் அளப்பதில்லை. அப்பாவுக்கு ஒரு தடவைக்கு எடுக்கச் சொன்னது 350 மில்லி. அட்டைக்குப் பத்து மில்லி என்று வைத்தாலும் 35 அட்டைகள் வேண்டும். போதாததற்கு, ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் சிறிய அளவில் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதன் மேல் அட்டைக்கடியும் சேர்ந்தால் கசிவை நிறுத்துவது கடினம். அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமி புண்ணில் தொற்றுவதும் உண்டு.

எட்ட வேண்டிய இலக்கும் ஓர் எண்தான். இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஹீமட்டோகிரிட்டை 45க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் மரணமும் பெரிய ரத்த உறைவும் ஏறத்தாழ நான்கு மடங்கு நேர்ந்தன. அளவு தவறினால் மறுபக்கமும் ஆபத்துதான். தொண்டை நோயில் விழுந்த, அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1799 டிசம்பர் 14 அன்று ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார். பிறகு பியர் லூயி என்ற பிரெஞ்சு மருத்துவர் நுரையீரல் அழற்சி நோயாளிகளைக் கணக்கெடுத்து, ரத்தம் எடுப்பதால் அவர்களுக்குப் பெரிய பயனில்லை என்று 1835இல் காட்டினார். அப்படிப் பல நோய்களிலிருந்து விலக்கப்பட்ட இம்முறை அப்பாவின் நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சையாக நிற்கிறது.

மருத்துவமனையில் கட்டிலுக்குக் கீழே சிறு தராசின் மேல் பையை வைத்தார்கள். ஒரு மில்லி ரத்தம் ஏறக்குறைய 1.05 கிராம் என்பதால், எடை ஏறுவதைப் பார்த்தே எவ்வளவு வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் தடவை அப்பாவின் ரத்தம் குழாயில் கருஞ்சிவப்பாக, மெதுவாக இறங்கியது. 350 மில்லி வந்ததும் செவிலியர் குழாயைக் கவ்வியால் அடைத்து ஊசியை உருவினார்.

ஊசி வழியிலும் தொல்லை உண்டு. முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் போனோம், இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தக்காளி பறிக்கும் நாளில் தேதி விழுந்தால் கூலியாட்களை நம்பித் தோட்டத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போவதால் சோர்வு வருகிறது. சொந்தக்காரர்கள் பரிவோடு வாங்கித் தரும் இரும்புச்சத்து டானிக்கை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அது மஜ்ஜைக்கு மேலும் சிவப்பணுக்களை உண்டாக்கத் தீனி போடும். எடுத்த ரத்தத்தைப் பிறருக்கு ஏற்றுவதில்லை என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய குறை. “இவ்வளவு ரத்தத்தையும் கொட்டறாங்களே சாமி, யாருக்காச்சும் குடுக்கக் கூடாதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். முகாமில் போய்க் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. இந்த நோய் உள்ளவர் ரத்ததானம் செய்யக் கூடாது. முகாமில் கொடுக்கும் ஆண்களுக்கும் 90 நாள் இடைவெளி வேண்டும்.

ஒவ்வொரு தேதியையும் எண்ணையும் தக்காளிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறோம். 57, 54, 51 என்று இறங்கிய வரிசையில் சென்ற மாதம் 44 என்று எழுதியிருக்கிறோம். குளித்தபின் வரும் அரிப்பு இன்னும் முழுதாக விடவில்லை.