புழுக்கத்தை எந்த நம்பர் சொல்லும்: ஹியுமிடிட்டி சதவீதமா, டியூ பாயிண்ட்டா?

வெதர் ஆப்ல ஹியுமிடிட்டி 80%னு பாத்ததுமே இன்னைக்கு புழுக்கம் தாங்காதுன்னு முடிவு பண்றவங்க, தயவுசெஞ்சு டியூ பாயிண்ட்டையும், அதாவது காத்து எத்தனை டிகிரிக்கு குளிர்ந்தா அதுல இருக்கற ஆவி தண்ணியா படிய ஆரம்பிக்குமோ அந்த டிகிரியையும், ஒரு தடவ பாருங்க. மே மாசம் சென்னைல காலைல 28 டிகிரி, 80%னு வைங்க, அன்னைக்கே மத்தியானம் 38 டிகிரி, 45%. சதவீதம் கிட்டத்தட்ட பாதியா இறங்கிடுச்சு, ஆனா காத்துல தண்ணி அப்படியேதான் இருக்கு, ரெண்டு நேரமும் டியூ பாயிண்ட் சுமார் 24 டிகிரி. சூடு ஏற ஏற ஆவி இருக்கக்கூடிய உச்ச அளவும் ஏறுது, அந்த உச்சத்துல இப்ப எத்தனை பங்கு இருக்குன்னு மட்டும்தான் ரிலேட்டிவ் ஹியுமிடிட்டிங்கற இந்த சதவீதம் சொல்லும், அதான் வெயில் ஏறினாலே நம்பர் விழுந்துடுது. டெல்லி ஜனவரி மூடுபனில 10 டிகிரி, 95% இருந்தாலும் ஒரு கன மீட்டர் காத்துல ஆவி 9 கிராம்தான், நம்ம மத்தியான 45%ல 20 கிராமுக்கு மேல!

டியூ பாயிண்ட்ட கண்ணாலயே பாக்கலாம். பளபளன்னு இருக்கற எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி ஐஸ் கொஞ்சம் கொஞ்சமா போட்டு கலக்கிட்டே வாங்க, வெளிப்பக்கம் லேசா மங்க ஆரம்பிக்கறப்போ தண்ணி எத்தனை டிகிரியோ கிட்டத்தட்ட அதான். என் ஓட்டு இதுக்குத்தான். 21 தாண்டினா பிசுபிசுப்பு, 24க்கு மேல போனா ஃபேனுக்கு அடில உக்காந்தாலும் வேர்வை சீக்கிரம் காயாது.

அதுக்காக சதவீதம் வேஸ்ட்டுன்னு இல்ல. அப்பளம் நமுத்துப் போறது, பீரோல இருக்கற புஸ்தகத்துல பூஞ்சை பிடிக்கறது எல்லாம் அந்த நம்பர வச்சுதான்.

அப்சல்யூட் ஹியுமிடிட்டி, அதாவது கன மீட்டருக்கு இத்தனை கிராம், புரிஞ்சுக்க ஈஸி, ஆனா காத்து மேல ஏறி விரிஞ்சா ஆவி கொஞ்சமும் போகாமலே நம்பர் குறைஞ்சிடும். அதனாலதான் வானிலைக்காரங்களுக்கு மிக்ஸிங் ரேஷியோ பிடிக்கும், ஒரு கிலோ உலர்ந்த காத்துக்கு எத்தனை கிராம் ஆவின்னு. ஆவியையும் சேத்து ஒரு கிலோன்னு எடுத்தா அது ஸ்பெசிஃபிக் ஹியுமிடிட்டி. மேல சொன்ன சென்னை காத்துக்கு ரெண்டும் 19 கிராம் பக்கத்துலயே வரும், பெரிய சண்டை இல்ல.

சண்டையெல்லாம் பேர்லதான். ஏசி டிசைன் பண்றவங்க மிக்ஸிங் ரேஷியோவ ஹியுமிடிட்டி ரேஷியோம்பாங்க, கெமிக்கல் இன்ஜினியரிங் புக்ஸ் சிலதுல அதுக்கே அப்சல்யூட் ஹியுமிடிட்டின்னு பேரு, அதனால டேபிள எடுத்ததும் பேர விட்டுட்டு முதல்ல யூனிட்ட பாருங்க, கன மீட்டருக்கா கிலோவுக்கா, கிலோன்னா உலர்ந்த காத்தா ஈரக் காத்தா.