தீவில் வீடு ஒத்திக்குப் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள்

போன வாரம் பாம்பன் வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். நாங்கள் ஏழு மாதம் குடியிருந்து, ஐந்து லட்ச ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு வெளியேறிய வீட்டின் கேட்டில் ‘வீடு ஒத்திக்கு’ என்று மறுபடியும் அட்டை தொங்குகிறது. ஒத்தி என்றால், மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்டுக்கு முன்னால் தண்ணீர் டிராக்டர் நிற்கிறது. அது எதற்காக நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டைப் பார்க்க வருகிற அடுத்த குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர்கள். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ராமேஸ்வரம் தீவில் குடியேறலாம் என்று முடிவெடுத்தோம். காலமிருக்கும்போதே ராமநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட வேண்டும் என்பது மாமியாரின் பல வருட ஆசை. தெரிந்தவர் மூலம் ஒரு தரகர் வந்தார். வாய்க்கு வாய் “அக்கா, அக்கா” என்று கூப்பிடுவார். மார்கழி மாதம், மழை ஓய்ந்து பத்து நாள் ஆகியிருக்கும், வீட்டைக் காட்டினார். தெற்குப் பக்கம் கடல், வாசலில் இரண்டு தென்னை, சமையலறையில் புதிதாகப் பதித்த ஓடு. எவர்சில்வர் டம்ளரை நன்றாக அலசி, சமையலறைக் குழாயில் பிடித்து என் கையில் கொடுத்தார். “குடித்துப் பாருங்கள் அக்கா, இளநீர் தோற்றுவிடும். அறுபது அடி போர்.” குடித்தேன். உண்மையிலேயே இனித்தது.

கேட்டிலிருந்து வீட்டின் பக்கவாட்டு வரைக்கும் மணலில் பெரிய டயர் தடம் இருந்தது. தடத்தின் ஓரம் ஈரம் காயவில்லை. இரண்டையும் பார்த்தேன். பக்கத்தில் ஏதோ கட்டட வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஐந்து லட்சம் ஒத்தி, மூன்று வருடம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, வீட்டுக்காரர் என்று வந்தவர் கையெழுத்துப் போட்டார். பதிவு செய்ய வேண்டாமா என்று என் கணவர் கேட்டதற்கு, “எதற்கு அண்ணே வீண் செலவு, இங்கே எல்லாமே வாய்ச்சொல்தான்” என்றார் தரகர். மூன்று லட்சத்தை வங்கி வழியாகவும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி இரண்டு லட்சத்தை ரொக்கமாகவும் கொடுத்தோம்.

தை பிறந்ததும் குடிவந்தோம். முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் துவரம் பருப்பு எட்டு விசிலுக்கும் வேகவில்லை. குக்கரைத் திறந்தால் பருப்பு தனி, தண்ணீர் தனி. சோப்பு நுரைக்க மறுத்தது. கழுவிக் கவிழ்த்த டம்ளர்களின் விளிம்பில் வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. மகன் ஒரு டி.டி.எஸ். கருவி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி, வாங்கி அனுப்பினான். லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் என்று காட்டியது. குடிநீருக்கு 500 என்பதுதான் இந்தியத் தர அளவு. வேறு நீரே கிடைக்காத இடத்தில்கூட 2,000 வரைதான் அனுமதி. சித்திரையில் அதே குழாயில் 3,400 காட்டியது. குடிக்கவும் சமைக்கவும் குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினோம். குளிப்பது உப்புநீரில்தான். மாமியாருக்கு முதுகெல்லாம் அரிப்பு வந்து, இரவில் உட்கார்ந்தே இருப்பார்.

பக்கத்து வீட்டு அக்கா பங்குனி மாதம்தான் வாய் திறந்தார். “வீடு பார்க்க ஆள் வருகிற அன்று காலையில் டிராக்டர் வரும். மேல் தொட்டியை வடித்துவிட்டு நல்ல தண்ணீரை நிரப்புவார்கள். உங்களிடம் எப்படிச் சொல்வது? நாங்களும் இந்த ஊரில்தானே இருக்க வேண்டும்.” அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தண்ணீரைப் பற்றி எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் தனுஷ்கோடியில் ஒரு வயதான மீனவப் பெண். மணலில் கையாலேயே தோண்டிய சின்ன ஊற்றிலிருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறியது. குடித்துப் பார்த்தால் நல்ல தண்ணீர். இரண்டு பக்கமும் கடல் இருக்க இது எப்படி என்று கேட்டேன். “மழைத்தண்ணீர் மணலுக்குள் மேலாக நிற்கும் தாயி. ஆழத்துக்குப் போனால் கடல்தான்” என்றார். அறுபது அடி போர் என்று சொன்னேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். தீவின் நிலத்தடி நீர் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகப் போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்புநீர் ஏறிவிடும். எந்தத் தரகர் போரின் ஆழத்தைப் பெருமையாகச் சொன்னாலும் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஆகவே இந்தத் தீவில் வீடு பார்ப்பதென்றால் சித்திரை, வைகாசியில் வாருங்கள். மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு தடவை போங்கள். சமையலறைக் குழாய் வேண்டாம். மோட்டாரைப் போடச் சொல்லி, குழாய் தொட்டிக்குள் விழுகிற இடத்தில் பிடித்துப் பாருங்கள். டி.டி.எஸ். கருவி சில நூறு ரூபாய்தான், கையோடு கொண்டுபோங்கள். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவுக்கு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருப் பெண்களிடம் கேளுங்கள். தெருவில் வாசலுக்கு வாசல் நீல டிரம்மும் வரிசையாகக் குடங்களும் இருந்தால், கேட்கவும் வேண்டியதில்லை.

தண்ணீரோடு முடிந்திருந்தால் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனி மாதம் ஒரு மத்தியானம், பெட்டிகளோடு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். “நீங்கள் யார்? என் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சவூதியிலிருந்து வந்த, வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. எங்களிடம் பணம் வாங்கியவர் மூத்தவர். வீடு மூன்று பேருக்கும் கூட்டுப் பட்டா. தம்பி தன்மையான மனிதர். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “அக்கா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதில் எனக்கும் என் அக்காவுக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் கையெழுத்து எங்கே?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைத் தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டு, செலவில்லாமல் யாரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஐந்து லட்சம் கொடுத்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. பட்டாவில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்தால், வீட்டின் மேல் பதிவான வங்கிக் கடனோ முந்தைய ஒத்தியோ இருந்தால் தெரிந்துவிடும். ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே தீருங்கள். பதிவில்லாத தாளை வைத்து வீட்டின் மேல் உரிமை பேச முடியாது என்று எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். ரொக்கம் கூடவே கூடாது. எங்கள் இரண்டு லட்சத்தை வாங்கவே இல்லை என்று மூத்தவர் சாதிக்கிறார். என் யோசனையைக் கேட்டால், முதல் வருடம் ஒத்தியே வேண்டாம். மாத வாடகைக்கு இருந்து ஒரு கோடையையும் ஒரு மழையையும் பாருங்கள். வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். இந்தத் தீவில் காற்றே இரும்பைத் தின்னும். எங்கள் இரும்பு பீரோவின் கீல்கள் ஆறு மாதத்தில் இறுகி, கடைசியில் உடைத்துத்தான் திறந்தோம். கேஸ் அடுப்பின் பர்னர், மின்விசிறியின் மூடி, சைக்கிள் செயின் எல்லாம் ஒரே செந்நிறம். வீடு பார்க்கும்போது மேலே நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் தெரிந்தால் உள்ளே துருப்பிடித்துக் கம்பி உப்புகிறது என்று அர்த்தம். அதன் மேல் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. தென்பக்கத்து மன்னார் வளைகுடாவை இங்கே ஆண் கடல் என்பார்கள், வடபக்கத்துப் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். ஆனி, ஆடியில் ஆண் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சோற்றுத் தட்டில் மணல். மார்கழியில் பார்த்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

கடலோர மனை விற்கிறேன் என்று அதே தரகர் எங்களிடமும் பேசினார். நல்லவேளை, அதற்கு எங்களிடம் பணம் இல்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு இருக்கிறது. பட்டா இருப்பதாலேயே அங்கே வீடு கட்டிவிட முடியாது. தனுஷ்கோடியில் இடம் என்று ஒருவர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்த ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசே அறிவித்தது.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு இரண்டு தவணையாக இரண்டரை லட்சம் திரும்பி வந்தது. மீதிக்காக அலைந்துகொண்டிருக்கிறோம். தீவை விட்டு நாங்கள் போகவில்லை. இப்போது தங்கச்சிமடத்தில், மல்லிகைப் பதியன் போடுகிற ஒரு குடும்பத்தின் வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிறோம். பன்னிரண்டு அடிக் கிணறு, கயிறும் வாளியும்தான். மோட்டார் வைக்கலாமா என்று கேட்டேன், வீட்டுக்கார அம்மா கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சென்ற சித்திரையில் அதில் 420 காட்டியது.