மணி கட்டிய சாப்ரியலா, வேலிக்குள் நிற்கும் மேரியா?

செத்தவர்கள் எழுந்து வரும் இளையோர் நாவல்களில் வாசகர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்க இந்த ஜோடி போதும்: கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்' (1995), கேரி ரயனின் 'தி ஃபாரஸ்ட் ஆஃப் ஹேண்ட்ஸ் அண்ட் டீத்' (2009). ஒன்றைக் கொண்டாடுகிறவர் மற்றதைப் பாதியில் மூடிவைப்பது சகஜம். ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டிலும் சாவு வேலை செய்கிற விதமே வேறு.

'சாப்ரியல்' காட்டும் சாவு ஓர் ஆறு. உடம்பை உறைய வைக்கும் குளிர், காலை வாரும் இழுப்பு, ஒன்பது வாசல்கள், வாசலுக்கு வாசல் வேறு ஆபத்து. மார்பில் குறுக்காகப் போட்ட வாரில் ஏழு மணிகளோடு 18 வயதுப் பெண் சாப்ரியல் அதற்குள் இறங்கித் திரும்புகிறாள். சின்ன மணி ரன்னா தூங்க வைக்கும். மோஸ்ரேல் செத்தவரை எழுப்பும். ஆனால் சீசா பலகைபோல, அவர் மேலே வர வர அடித்தவர் சாவுக்குள் இறங்கிக்கொண்டே போவார். கிபெத் நடக்க வைக்கும், கை பிசகினால் அடித்தவரையே நடத்திக்கொண்டு போய்விடும். ஏழாவது மணி அஸ்டாரேல் ஒலித்தால் கேட்ட எல்லாரும் சாவுக்குள், அடித்தவர் உட்பட. அதனால்தான் மணியின் நாக்கு அசையாதபடி தோல் உறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

வடசென்னைக்காரருக்கு இது புதிதாக இருக்காது. சங்கும் சேகண்டியும் கேட்டு, உடல் கிடக்கும் வீட்டு வாசலில் விடிய விடிய மரண கானா பாடுவதைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சாவையும் ஓசையையும் முடிச்சுப் போட்டுக் காட்டத் தேவையில்லை. இடிப்பது வேறு இடத்தில். கதை உலகத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது: அதற்குத் தெற்கே காரும் துப்பாக்கியும், வடக்கே மந்திரம். வடக்கிலிருந்து காற்றடித்தால் எல்லைப் பக்கம் இயந்திரங்கள் படுத்துவிடும். இதையெல்லாம் உட்காரவைத்து விளக்காமல் கதை ஓடுவதால் முதல் சில அத்தியாயங்களிலேயே பலர் கழன்றுகொள்கிறார்கள். ஏழு மணிகளின் பெயரையும் வேலையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். காதல் ஒட்டுப்போட்டதுபோல இருக்கிறது என்ற குறை நியாயமானதுதான். 200 வருஷம் கப்பல் முகப்பில் மரச்சிலையாக நின்றவன் கண் விழித்த கொஞ்ச நாளிலேயே காதலனாகிவிடுகிறான்.

ரயனின் நாவலில் ஆறும் இல்லை, மணியும் இல்லை. காட்டுக்கு நடுவே ஒரு ஊர், சுற்றிலும் கம்பிவலை, அந்தப் பக்கம் ஓயாமல் முனகும் செத்தவர் கூட்டம். கதாநாயகி மேரியின் அம்மா தொலைந்துபோன புருஷன் முகத்தைத் தேடி வேலியை நெருங்கிக் கடிபடுகிறாள். கொன்றுவிடுங்கள் என்று கேட்காமல், கூட்டத்தோடு சேர வெளியே விடச் சொல்கிறாள். இந்தத் தொடக்கத்தை யாரும் குறை சொல்வதில்லை. பிறகுதான் தகராறு. மேரி சுயநலக்காரி என்பது முதல் புகார். அதில் எனக்கு உடன்பாடில்லை, அடைபட்டவள் அப்படித்தான் இருப்பாள். அவள் ஏங்குவது கடலைப் பார்க்க. காசிமேட்டில் இருந்துகொண்டு படிப்பவருக்கு அந்த ஏக்கம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். இரண்டாவது புகார் வலுவானது. வாசல்களில் ரோமன் எண்கள், சிவப்பு உடையில் வந்து காணாமல் போகும் வெளியூர்ப் பெண் என்று முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுவிட்டு, பாதியைக்கூட அவிழ்க்காமல் நாவல் முடிகிறது. அண்ணன் தம்பி இருவருக்கு நடுவில் மேரி அல்லாடும் பக்கங்களை வேகமாகப் புரட்டலாம்.

அம்புலிமாமாவில் வேதாளத்தோடு வளர்ந்தவர்களுக்குப் பிணம் என்றால் பேச வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அவர்கள் நிக்ஸ் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை.

மொழி என்று பார்த்தால் ரயன் எளிது. தன்மையில், நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்கள். தமிழ்வழியில் படித்து இப்போதுதான் ஆங்கில நாவல் எடுக்கும் ப்ளஸ் டூ பிள்ளைக்கு இதைத்தான் கொடுப்பேன். நாலு பேர் சேர்ந்து படித்து விவாதிக்க 'சாப்ரியல்'. விதிகள் இருப்பதால் சண்டை போடவும் இடம் இருக்கிறது.

மூர் மார்க்கெட்டில் பழைய பிரதி தேடுகிறவர்கள் தலைப்பைச் சரிபார்க்கவும். 'சாப்ரியல்' தொடரின் அடுத்த பாகம் 'லிரேல்' (2001) முதலில் கையில் கிடைத்தால் எடுத்து வையுங்கள், ஆனால் படிக்காதீர்கள். சாப்ரியல் பிழைத்தாளா, யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும். அதே தொடரின் 'க்ளாரியல்' (2014) பல நூறு வருஷம் முந்தைய கதை, அது கடைசிக்கு. ரயனின் இரண்டாம் பாகம் (2010) அடுத்த தலைமுறைப் பெண் ஒருத்தியைப் பின்தொடர்கிறது. மேரி விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்று நம்பி வாங்க வேண்டாம்.