கப்பலில் விசேட இரவு உணவு: நாளைத் தெரிவு செய்யும் வேலையை முகவரிடம் விடாதீர்கள்

திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சொகுசுக் கப்பல் ஏறத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்தப் பயண முகவர் நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாட்டில் போட்டிருக்கிறேன்.

மாமா துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அஷ்ரப் இறங்குதுறைப் பக்கம் பயணிகள் கப்பல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போய்விடுவார். எத்தனையோ கப்பல்களுக்கு வேலை பார்த்தவர், ஒன்றில்கூடப் பயணியாக ஏறியதில்லை. அவருக்கும் மாமிக்கும் திருமணமாகி நாற்பது ஆண்டு நிறையும் நாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. அதை நடுவில் வைத்துத்தான் நானும் கணவரும் ஐந்து இரவுப் பயணம் ஒன்றைப் பார்த்தோம். திங்கள் சிங்கப்பூரில் ஏற வேண்டும், செவ்வாய் முழுக்கக் கடல், புதன் பினாங்கு, வியாழன் புக்கெட், வெள்ளி மறுபடியும் கடல், சனி காலை சிங்கப்பூரில் இறங்கலாம்.

கப்பல் சீட்டுக்கும் விமானத்துக்கும் எடுத்த விலையில் எனக்குக் குறை இல்லை. சிக்கல் சாப்பாட்டில் வந்தது. கப்பலில் பெரிய சாப்பாட்டு மண்டபம் உண்டு, அங்கே இரவு உணவு பயணக் கட்டணத்துக்குள் அடக்கம். அதற்கு வெளியே இத்தாலிய உணவகம், இறைச்சி வாட்டும் உணவகம், ஜப்பானிய உணவகம் என்று சில இருக்கும். அவற்றில் உட்கார ஆளுக்குத் தனிக் கட்டணம். முகவர் நிலையத்துத் தம்பி, "அக்கா, மூன்று இரவுக்கு விசேட உணவகம் சேர்த்து எடுத்துவிடுங்கள். இப்போதே கட்டினால் மலிவு, நாள் போகப் போக விலை ஏறும். நல்ல நாளாகப் பார்த்து நானே போட்டுத் தருகிறேன்" என்றார். புதன்கிழமை திருமண நாள், அன்றைக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். மாமியும் பக்கத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் மரக்கறி மட்டும்தான், முட்டையும் தொடமாட்டார் என்பதையும் சொன்னேன். தம்பி தலையாட்டிக்கொண்டே கொப்பியில் எழுதினார். ஆளுக்கு ஓர் இரவுக்கு 60 டொலர், நான்கு பேருக்கு மூன்று இரவு, மொத்தம் 720 டொலர். அன்றைய மாற்று விலையில் ரூபாயாகக் கட்டினேன். பயணத்துக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது.

கையில் கிடைத்த பற்றுச்சீட்டில் "விசேட இரவு உணவு 3" என்று மட்டும் இருந்தது. எந்த உணவகம், எந்த நாள், எத்தனை மணி என்று ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு தடவை கேட்டேன். "கப்பலில் ஏறியதும் செயலியில் வரும் அக்கா, புதன்கிழமைக்கு இடம் நிரம்பிவிட்டதாம், வேறு நல்ல நாள் போட்டிருக்கிறேன்" என்றார். நிரம்பிவிட்டது என்றதை நம்பினேன்.

ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் பிடித்துக் கட்டுநாயக்க போய், இரவு விமானத்தில் தூங்காமல் சிங்கப்பூர் சேர்ந்து, பகலிலேயே கப்பல் ஏறினோம். அந்தத் திங்கள் இரவு யாருக்கும் செயலியைத் திறந்து பார்க்கும் தெம்பு இல்லை. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு இத்தாலிய உணவகம் என்று கைப்பேசியில் அறிவிப்பு வந்தபோதுதான் எங்கள் முதல் விசேட உணவு நாள் இதுவென்று தெரிந்தது.

செவ்வாய், கப்பலில் எல்லோரும் விசேடமாக உடுத்திக்கொண்டு வரும் இரவு. மாமா வேட்டி சட்டையில், மாமி கூறைச் சேலையில். பெரிய மண்டபத்தைத் தாண்டித்தான் இத்தாலிய உணவகத்துக்குப் போக வேண்டும். வாசலில் அன்றைய உணவுப் பட்டியலைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மாமா நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. சிங்க இறால் வால், வெண்ணெயில் வாட்டியது. மேலதிகக் கட்டணம் எதுவும் இல்லை. "இது சும்மாவா பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். ஆம் என்றேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும், விலை பார்த்து ஒதுக்கிவிடுகிற பண்டம் அது. அதைத் தாண்டிப் போய் 60 டொலர் கொடுத்த மேசையில் பாஸ்தா சாப்பிட்டோம். பாஸ்தாவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாமா அதைப் பாதியில் வைத்துவிட்டார்.

இந்த ஒரு விடயம் தெரிந்தாலே பாதிப் பணம் மிஞ்சும். உடுத்திக்கொண்டு வரும் இரவில் பெரிய மண்டபம் தன் சிறந்த சமையலை இறக்கும். பல கப்பல்களில் சிங்க இறால் அந்த இரவில்தான் வரும். அன்று வெளியே போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுவது வீண். எந்த இரவு அது என்பதைப் பெரும்பாலும் பயணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கப்பல் சீட்டு விற்கிற முகவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இரண்டாவது பதிவு வியாழக்கிழமை, மாலை ஐந்தரைக்கு. புக்கெட்டில் எங்கள் கப்பல் கரையோடு கட்டவில்லை, பட்டோங் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. சிறு படகுகளில்தான் போக வர வேண்டும். திரும்பி வரும் வரிசை கடற்கரையில் வெயிலில் நீண்டு கிடந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணித்தியாலம் பின்னால், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கரை இறங்கியதும் என் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. காலையில் ஒலிபெருக்கியில் இதைச் சொல்லித்தான் இருந்தார்கள், நான் கவனிக்கவில்லை, அது என் பிழை. படகில் ஏறிக் கப்பலுக்கு வந்தபோது என் கைப்பேசியில் 5.40, கப்பலின் கடிகாரத்தில் 6.40. மேசை போய்விட்டது, பணமும் போய்விட்டது. 24 மணித்தியாலத்துக்கு முன் மாற்றாமல், நேரத்துக்கும் வராவிட்டால் முழுக் கட்டணமும் பிடிப்பார்களாம். நேரத்தைக் கவனிக்காதது என்னோடு போகட்டும். படகில் போய்த் திரும்பும் நாளில் ஐந்தரை மணிக்கு மேசை போட்டவரை என்ன சொல்வது? வரிசையில் நின்ற மாமிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நால்வரும் பொது உணவுக் கூடத்தில் நின்று நின்று எடுத்துச் சாப்பிட்டோம்.

மூன்றாவதையாவது காப்பாற்றலாம் என்று அன்றிரவு ஒன்பது மணிபோல் முன்பதிவு மேசைக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது, வெள்ளிக்கிழமை ஆறரைக்குப் போட்டிருப்பது மாட்டிறைச்சி வாட்டும் உணவகம் என்று. உணவகத்துக்கு அழகான ஆங்கிலப் பெயர் வைத்திருந்ததால் செயலியில் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. மாற்றக் கேட்டேன். 24 மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டதால் முடியாது என்றார்கள்.

மாமி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "கட்டின காசு, நான் சும்மா இருக்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள்" என்று வந்து உட்கார்ந்தார். மேசையில் எல்லோருக்கும் பல்வைத்த இறைச்சிக் கத்தி வைத்திருந்தார்கள். பரிமாற வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். மாமியின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்தக் கத்தியை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "அம்மா, வெள்ளிக்கிழமையா? நேற்றே தெரிந்திருந்தால் உங்களுக்குச் சோறு கறி ஏற்பாடு செய்திருப்பேனே" என்றார். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கும் காளானும் கொண்டுவந்து வைத்தார். மாமி உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுச் சாப்பிட்டார். மற்ற மேசைகளிலிருந்து வந்த புகை மணம் தாங்காமல் சேலைத் தலைப்பை மூக்கருகே பிடித்துக்கொண்டே இருந்தார். நாற்பதாவது ஆண்டுக்கு நாங்கள் அவருக்குக் கொடுத்த விருந்து அது.

புதன்கிழமை நிரம்பியிருந்ததா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். பினாங்கில் இறங்கியவர்கள் ஊருக்குள்ளேயே நாசி கந்தார் சாப்பிட்டுவிட்டு வந்ததால் அன்றிரவு பாதி மேசை காலி என்றார். உணவக மேலாளரிடம் எங்கள் பதிவைத் திரையில் காட்டச் சொன்னேன். நான் மூன்று மாதத்துக்கு முன் கட்டிய பணத்துக்கு முகவர் பதிவு போட்டது கப்பல் புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னால். கப்பலின் விலை ஆளுக்கு 39 டொலர், சேவைக் கட்டணம் 18 வீதம், சேர்த்து ஏறத்தாழ 46. பன்னிரண்டு சாப்பாட்டுக்கு 552 டொலர். 168 டொலர் எங்கே போனது என்று முகவர்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் எங்கள் பணத்தை வைத்திருந்துவிட்டு, கடைசி நேரத்தில் திரையில் முதலில் வந்த மூன்று இடத்தை அழுத்தியிருக்கிறார். புதன் நிரம்பியது என்பது பச்சைப் பொய்.

ஊர் திரும்பி நேரில் போய்க் கேட்டபோது, "நாளைக் கப்பல்காரர்தான் போடுகிறார்கள் அக்கா, என் கையில் ஒன்றுமில்லை" என்றார். அடுத்த பயணத்தில் கழிவு தருவாராம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். பயண முகவர்களுக்கு உரிமம் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, அங்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

போகிறவர்கள் உணவுக்கான நாளை எப்படித் தெரிவு செய்வது என்று சிலர் கேட்டார்கள். நான் கண்டதையும் கப்பலில் பழகியவர்கள் சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன். முதல் இரவுக்குக் கூட்டம் குறைவு, விலைக்கழிவும் பல கப்பல்களில் அன்றைக்குத்தான். நாங்கள் ஏறிய பகலிலேயே பொது உணவுக் கூட வாசலில் கழிவு விலை எழுதிய பலகையோடு ஒரு பெண் நின்றார். ஆனால் அன்று மாலை வரை பெட்டிகள் அறைக்கு வராமல் இருக்கலாம். எங்களைப் போல இரவு முழுக்கப் பறந்து போகிறவர்களுக்கு அது சரிவராது, ஒரு நாள் முந்திப் போய்த் தங்குகிறவர்களுக்கு நல்ல நாள். துறைமுக நாளில் கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, கரையோடு கட்டுகிறதா படகில் போகவேண்டுமா என்று பார்த்துவிட்டு, ஏழரைக்குப் பிறகு மேசை கேளுங்கள். கடைசி இரவை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பெட்டியைக் கட்டி இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், உடுக்க நல்ல உடுப்பும் வெளியே இருக்காது, மனமும் சாப்பாட்டில் இருக்காது. விசேட உணவகத்தில் சாப்பிட்டு எழ இரண்டு மணித்தியாலம் போகும், அன்றைய மேடை நிகழ்ச்சி வேண்டுமென்றால் அதையும் கணக்கில் எடுங்கள். நம் வீட்டு விரத நாள்களைக் கப்பல்காரருக்குத் தெரியாது, நாட்காட்டியை நாமே பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிய வேண்டும்.

அதே நிலையத்தில் பணம் கட்டிவிட்டு இன்னும் புறப்படாதவர்கள் நகருக்குள் சிலர் இருப்பதாக அறிகிறேன். உங்கள் கப்பல் பயண முன்பதிவு எண்ணை இன்றே எழுத்தில் வாங்குங்கள். அதைக் கப்பல் நிறுவனத்தின் செயலியில் நீங்களே போட்டுத் திறந்தால் உணவகம், நாள், மணி எல்லாம் தெரியும். பதிவே இல்லையென்றால் அதுவும் தெரியும். ஏறுவதற்கு முன்னால் பார்த்தால் நாளை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.