உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்: எட்டு வருஷ ஹோல்ஸ்டர் அனுபவம்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதை ஒட்டிய கடையும் நடத்துகிறேன். காலை ஐந்து மணிக்குத் திறப்பதும் நான்தான், வாரத்தில் மூன்று நாள் ரொக்கத்தை வங்கிக்குக் கொண்டுபோவதும் நான்தான். 2017-இல் டெக்சஸ் மாநிலத்தின் எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி கொண்டுபோவதற்கான உரிமம் எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சட்டைக்கு உள்ளே ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. இங்கே புதிதாகத் துப்பாக்கி வாங்கும் நம் ஆட்கள் எந்தத் துப்பாக்கி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதை எதில் வைத்துக்கொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. எட்டு வருஷத்தில் ஐந்து ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, மாற்றியவன் என்ற முறையில் அந்த இரண்டாவது கேள்விக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலும் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். இருந்தாலும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன். உரிமத்துக்காகப் போன வகுப்பும், மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களில் ஐம்பது தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வும் எனக்குப் பயன்பட்டன.

முதல் துப்பாக்கி கிளாக் 19. பதினைந்து தோட்டா நிரப்பினால் ஏறக்குறைய 850 கிராம். அதற்கு இருபது டாலரில் ஒரு நைலான் உறை வாங்கினேன். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. மெத்தென்று இருந்தது, இடுப்பில் உறுத்தவே இல்லை. பயிற்சித் திடலில் முதல் முறை உருவியபோது துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ஷெரிஃப் துறை ஆள். என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன்னுடைய காலி பிளாஸ்டிக் பயிற்சித் துப்பாக்கியை அந்த உறையில் வைத்து, துணிக்கு மேலாக விரலை அழுத்தி ட்ரிக்கரை நகர்த்திக் காட்டினார். எனக்கு உடம்பு சில்லிட்டது. கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. ட்ரிக்கர் உள்ளே போனால் சுடும். அதனால் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையம் முழுவதையும் உறை கெட்டியாக மூட வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினால் வளையவே கூடாது. சொகுசு, விலை, அழகு எல்லாம் அதற்கு அப்புறம். அந்த நைலான் உறையை அன்றே குப்பையில் போட்டேன். யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அடுத்து தோல். பேன்ட்டின் உட்பக்கம் செருகும் வகை. வலது இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் பின்னால், கடிகாரத்தில் நான்கு மணி என்று சொல்லும் இடத்தில் வைத்தேன். புதுத் தோல் துப்பாக்கியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தோட்டா இல்லாத துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு உள்ளேயே விட்டால் பழகிவிடும். பழகிய தோல் உடம்போடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். சுகம் என்று பார்த்தால் இன்றைக்கும் அதற்கு ஈடாக எதையும் நான் போட்டதில்லை. ஆனால் ஹூஸ்டனின் ஜூலை மாதம் சென்னையின் மே மாதம்தான். வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு கோடைகாலம் வியர்வையைக் குடித்துக் குடித்து அந்தத் தோல் நைந்தது. துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. திரும்ப வைக்க வேண்டுமானால் இடது கையால் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும், அதாவது குழல் முனைக்கு நேரே என் விரல்கள். ஒருநாள் தோலின் விளிம்பு உட்பக்கமாக மடிந்து ட்ரிக்கர் வளையத்தைத் தொடுவதைப் பார்த்தேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன். வாயில் உலோகப் பட்டையோ இரட்டைத் தோலோ வைத்துத் தைத்த நல்ல உறைகள் இருக்கின்றன, ஏசி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அவை பல வருஷம் உழைக்கும். பியர் பெட்டி தூக்கும் என் வேலைக்குத் தோல் சரிப்படாது.

நான்கு மணி இடத்தில் வேறொரு சிக்கலும் இருந்தது. குனியும்போதெல்லாம் துப்பாக்கியின் பிடி முதுகுப்பக்கச் சட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கடையில் கீழ்த் தட்டில் சரக்கு அடுக்கும்போது வாடிக்கையாளர் பின்னால் நின்றால் எனக்கு மனசு நிற்காது. கை தானாகப் போய்ச் சட்டையை இழுத்துவிடும். "என்னங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுப்பைத் தொட்டுக்கிட்டே இருக்கீங்க, யாருக்குத்தான் தெரியாது?" என்று மனைவி சொன்னபோதுதான் அந்தப் பழக்கமே எனக்கு உறைத்தது. மறைத்து வைத்திருப்பதைச் சட்டையின் புடைப்பைவிட நம் கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

நடுவில் ஒரு கலப்பு வகை. முதுகுப்பக்கம் அகலமான தோல், முன்பக்கம் பிளாஸ்டிக் கூடு. உட்கார வசதிதான், ஆனால் தோல் வளைய வளையக் கூட்டின் பிடி தளர்ந்துகொண்டே போனது. ஆறு மாதத்தில் மாற்றிவிட்டேன்.

2020-இல் கைடெக்ஸுக்கு வந்தேன். அது சூட்டில் இளக்கித் துப்பாக்கியின் அச்சிலேயே வார்க்கும் ஒரு பிளாஸ்டிக் தகடு. துப்பாக்கி உள்ளே உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் சரியாக உட்கார்ந்ததற்கு அடையாளம். வியர்வையைக் குடிக்காது, வாய் மூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவிவிடலாம். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். தோட்டாவையும் அதை அடுக்கும் மகசினையும் எடுத்துவிட்டு, துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டா அறையும் காலிதானா என்று கண்ணால் பார்த்துவிட்டு, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவேன். துப்பாக்கி விழாமல் இருந்து, உருவும்போது முரண்டும் பிடிக்காமல் இருந்தால் சரி.

இந்த முறை இடத்தையும் மாற்றினேன். தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், அப்பெண்டிக்ஸ் என்று இங்கே சொல்லும் முன்பக்க இடம். முதல் இரண்டு வாரம் தாங்க முடியவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தால் உறையின் அடிமுனை தொடை மடிப்பில் குத்தும், பிடி வயிற்றில் அழுத்தும். இதெல்லாம் ஒல்லியான ஆட்களுக்குத்தான் என்று கழற்றி வைத்துவிட இருந்தேன். திடலில் பழக்கமான ஒருவர் என் உறையைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். அந்த மூன்றும்தான் என் அனுபவத்தையே மாற்றின.

ஒன்று, ஆப்பு. உறையின் அடிப்பாகத்தில், உடம்பைத் தொடும் பக்கத்தில் ஒட்டும் ஸ்பாஞ்சுத் துண்டு. அது அடிமுனையை வயிற்றிலிருந்து வெளியே தள்ளும், மேலே உள்ள பிடி தானாக வயிற்றோடு சாயும். கூர்முனை குத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று ஒன்று அழுத்தம் தாங்குகிறது. கடையில் விற்பதை வாங்கலாம். நான் பழைய யோகா விரிப்பில் வெட்டி, வெல்க்ரோ ஒட்டி, நான்கு தடவை இடம் மாற்றிப் பார்த்தேன். அரை அங்குலம் நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

இரண்டு, இறக்கை. ட்ரிக்கர் வளையத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கி. பெல்ட் அதன் மேல் அழுத்தும்போது பிடி உள்பக்கமாகத் திரும்பும். சட்டைக்கு வெளியே வடிவம் தெரிவது பெரும்பாலும் பிடியால்தான், குழலால் அல்ல. குழல் பேன்ட்டுக்குள் அல்லவா இருக்கிறது.

மூன்றாவது எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. உறை நீளமாக இருந்தால் வசதி கூடும் என்றார். சின்னத் துப்பாக்கிக்குச் சின்ன உறைதானே சுகம் என்று தோன்றும். ஆனால் குட்டையான உறையில் பெல்ட்டுக்கு மேலே கனம் அதிகம், கீழே பிடிமானம் குறைவு. அதனால் பிடி வெளிப்பக்கமாகச் சாயும். 2021-இல் நான் மெலிந்த கிளாக் 43எக்ஸுக்கு மாறினேன். அதன் குழல் 3.41 அங்குலம். அதே உடலமைப்பில் நீளமான குழல் கொண்ட கிளாக் 48-க்கு வார்த்த உறையை வாங்கி அதில் வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடம்தான் உட்காரும்போது உறையை நேராக நிறுத்துகிறது. நான்கு வருஷமாக அதேதான்.

பெல்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணத்துக்குப் போடும் மெல்லிய தோல் பெல்ட்டில் எவ்வளவு நல்ல உறையைத் தொங்கவிட்டாலும் மதியத்துக்குள் சரிந்துவிடும். ஒன்றரை அங்குல அகலம், பக்கவாட்டில் முறுக்கினால் எளிதில் முறுகாத விறைப்பு வேண்டும். ஓட்டைகளுக்குப் பதில் கால் அங்குல இடைவெளியில் நகர்த்தக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது, சாப்பிட்ட பிறகு ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம். உறைக்கு 80 டாலர் கொடுத்தேன், பெல்ட்டுக்கு 60. முறை மாற்றி முதலில் பெல்ட்டை வாங்கியிருந்தால் ஓர் உறையின் விலையாவது மிஞ்சியிருக்கும். பேன்ட்டையும் இரண்டு அங்குலம் பெரிதாக எடுங்கள். உள்ளே ஒரு பனியன் கட்டாயம். சட்டையில் கட்டமோ பூவோ இருந்தால் புடைப்பு கண்ணில் படாது. வெளிர்நிற டி-ஷர்ட்டில் எல்லாம் தெரியும்.

வேட்டிக்கு இது எதுவும் உதவாது. பொங்கலன்றும் பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளிலும் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பெல்ட்டே இல்லாமல் தனிப் பட்டையில் இடுப்பைச் சுற்றி நிற்கும் எனிக்மா போன்ற அமைப்புகள் வந்துவிட்டன, விளையாட்டு உடையில் ஓடுபவர்கள் அதைப் புகழ்கிறார்கள். கோயிலுக்கு வேண்டாம் என்பது என் சொந்த முடிவு.

மனைவிக்கும் உரிமம் உண்டு. சுடிதாருக்குப் பெல்ட் கிடையாது என்பதால் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், கடைக்கு வந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தையே துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துச் செய்த பைதான் அது. எங்கள் வீட்டிலும் அப்போது சின்னப் பிள்ளை. பையை மேஜையில் வைப்போம், ட்ராலியில் வைப்போம், உடம்பில் இருப்பதை அப்படி எங்கேயும் வைத்துவிட்டு நகர முடியாது. இப்போது மனைவி வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டையில், ட்ரிக்கரை முழுவதும் மூடும் கைடெக்ஸ் கூட்டோடு வைத்துக்கொள்கிறாள். வெறும் எலாஸ்டிக் பை போதாது, உள்ளே கெட்டிக் கூடு வேண்டும்.

நான் இவ்வளவு தூரம் வசதியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. உறுத்தும் உறையை ஒருவர் நாளெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டுவார். துப்பாக்கியை எடுப்பதிலும் வைப்பதிலும்தான் ஆபத்து, குறிப்பாக வைக்கும்போது. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் கயிறோ ட்ரிக்கர் வளையத்துக்குள் போய்விட்டால் நாமே அதை அழுத்திவிடுவோம். முன்பக்கம் வைப்பவர்களுக்குக் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் காலையில் துப்பாக்கியை உறையில் வைத்து, 'டக்' சத்தம் கேட்ட பிறகு, உறையோடு சேர்த்துத்தான் இடுப்பில் செருகுகிறேன். இரவில் கழற்றுவதும் உறையோடுதான். பிள்ளையின் பள்ளிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், கார் நிறுத்துமிடத்தில் உறையைப் பெல்ட்டில் பிடித்திருக்கும் கிளிப்பை மட்டும் விடுவித்து, உறையோடு அப்படியே சீட்டுக்கு அடியில் கம்பிவடத்தால் கட்டிய இரும்புப் பெட்டியில் பூட்டுவேன். துப்பாக்கியைத் தனியாகத் தொட வேண்டிய அவசியமே வராது. பெல்ட்டைக் கழற்றாமல் எடுக்கவும் மாட்டவும் முடிகிற கிளிப்பைப் பார்த்து வாங்கியது இதற்காகத்தான்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. திருகுகள் நடக்க நடக்கத் தளரும். ஒரு முறை கடையிலேயே கிளிப் திருகு கழன்று தரையில் உருண்டது. அதிலிருந்து நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குகிறேன், மாதம் ஒரு முறை சரிபார்க்கிறேன். கோடையில் வாரம் ஒரு தடவை துப்பாக்கிக்கு எண்ணெய்த் துணி. வியர்வை உப்புக்கு மகசினும் திருகுத் தலையும்தான் முதலில் துருப்பிடிக்கும். கைடெக்ஸ் துப்பாக்கியின் மேல்பூச்சை உரசி வெளுக்க வைக்கும், அதை நான் பொருட்படுத்துவதில்லை. வெறும் உறையைக் காரில் முன்கண்ணாடிக்கு அடியில் டெக்சஸ் வெயிலில் மட்டும் விடாதீர்கள்.

இன்னும் குறை இருக்கிறதா என்றால் இருக்கிறது. சான் அன்டோனியோவுக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் இரண்டாவது மணியில் தெரிய ஆரம்பிக்கும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை உறைக்கு மேலே ஏறாமல் இடுப்பில் தாழ்வாக இருக்கும்படி போட்டு, சட்டையை அதற்கு மேலே இழுத்துவிட்டால் பாதி சரியாகும். என் எடை நான்கு கிலோ கூடியபோது ஆப்பை மறுபடி வெட்ட வேண்டியிருந்தது.

போன மாதம் பக்கத்து ஊரில் மோட்டல் நடத்தும் தம்பி ஒருவர் புது உறையோடு வந்து, கண்ணாடி முன்னால் நின்று காட்டினார். "நல்லாயிருக்கா அண்ணே?" என்றார். துப்பாக்கி காலி என்பதை இருவரும் பார்த்த பிறகு, போய்க் காரில் உட்காரச் சொன்னேன். பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்து, பின்சீட்டில் ஏதோ எடுப்பதுபோலத் திரும்பி, இறங்கி ஷூ கயிறு கட்டச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முகம் சுளித்துக்கொண்டு வந்தார். என் யோகா விரிப்பில் மிச்சமிருந்த துண்டை வெட்டி ஒட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த ஞாயிறு திடலுக்கு வருகிறார், அங்கே மறுபடி சரிபார்க்க வேண்டும்.