தட்டா, கோப்பையா?

நண்பர்கள் இருவர், ஒரு கார், வழியெல்லாம் ருசி. 2004-இல் வந்த 'சைட்வேஸ்', 2010-இல் வந்த 'தி ட்ரிப்' இரண்டு படங்களுக்கும் இதுதான் ஒருவரிக் கதை.

'சைட்வேஸ்' கலிபோர்னியாவின் சான்டா யினெஸ் பள்ளத்தாக்கில் நடக்கிறது. ஜாக்கின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனை ஒயின் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகிறான் நண்பன் மைல்ஸ். பினோ நுவார் திராட்சை ஒயின் என்றால் மைல்ஸ் உருகுவான், மெர்லோ திராட்சை ஒயின் என்றால் எரிந்துவிழுவான். பொத்திப் பொத்தி வைத்திருந்த 1961 ஷெவால் பிளாங் என்ற உயர்ரக பிரெஞ்சு ஒயினைக் கடைசியில் ஒரு பர்கர் கடையில் தனியாக உட்கார்ந்து, சாதாரணக் கப்பில் ஊற்றிக் குடிக்கிறான். அந்த ஒயினிலும் மெர்லோ கலந்திருக்கிறது என்பதுதான் கூத்து! சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

'தி ட்ரிப்'பில் அப்படிக் கதையெல்லாம் கிடையாது. முதலில் டிவித் தொடர், பிறகுதான் படமாக வெட்டினார்கள். பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர்கள் ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும் தங்கள் பெயரிலேயே நடிக்கிறார்கள். வட இங்கிலாந்து உணவகங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதத்தான் பயணம். ஆனால் சாப்பாடு வெறும் சாக்கு. பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்ன் குரலில் யார் சரியாகப் பேசுகிறார் என்று மேசையிலேயே மல்லுக்கட்டுகிறார்கள்.

பசியோடு பார்ப்பதானால் 'தி ட்ரிப்' வேண்டாம். அடுக்களைக் காட்சிகள் சும்மா விடாது. மறுபடி பார்க்க என் கை போவது 'சைட்வேஸ்' பக்கம்தான்.