ஜெரேனியத்துக்குக் குளிர்காலத்தில் ஜன்னலோரமா, இருட்டறையா?

உறைபனியில் வெளியே விட்டால் தொட்டியில் வளர்க்கும் பூச்செடியான ஜெரேனியம் (பெலர்கோனியம் வகை) செத்துவிடும், உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும். தொட்டியோடு வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பச்சையாகவே இருக்கும், சில நேரம் பூக்கக்கூடச் செய்யும். ஆனால் வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு மெலியும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வேறு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழி, செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, காகிதப் பையில் போட்டு 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இருட்டறையில் தூங்கவிடுவது. சதைப்பற்றான தண்டு ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும், அதனால் மாதம் ஒருமுறை வேரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். பார்க்கக் காய்ந்த சுள்ளி மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள். நிறைய செடி இருந்தால் இதுதான் என் தேர்வு. வீட்டில் குளிர்ச்சியான மூலையே இல்லையா, சரி, ஜன்னலோரமே கதி. தண்ணீரை மட்டும் குறைத்து ஊற்றுங்கள்.